கண்ணை மூடிச் சொன்னது

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

இன்று லெந்து தவக்காலம் தொடங்குகிறது, ஈஸ்டர் வரைக்கும் காப்பி கிடையாது. போன லெந்துக்குப் பூவை விட்டேன், அதற்கு முந்தின லெந்துக்கு மீனை. இந்தத் தடவை காப்பி என்று சபைக் குருவானவரின் சம்சாரம் ஐயரம்மா முன்னால் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், இனிப் பின்வாங்க முடியாது. மத்தியானத்துக்குள் தலையிடி வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஜெயசிங், "காப்பிய விடுறதுக்குப் பதிலா கோவத்த விட்டிருந்தா வீட்டுக்கும் புண்ணியமா இருந்திருக்கும்" என்றார். நாள் முழுக்க வாய் திறக்காத மனுஷர், திறந்தால் இப்படித்தான்.

காலையில் கனகராஜ் வீட்டில் போர்வெல் போட ஜெபிக்கக் கூப்பிட்டார்கள். எங்கள் ஊர் கிருபாபுரத்தில் போர், புது ஃபிரிட்ஜ், ஆபரேஷன், பிள்ளைக்குப் பரீட்சை, எதுவானாலும் குருவானவர் ஐயருக்கு அடுத்தபடி என்னைத்தான் தேடுவார்கள். ஐயருக்கு இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். எனக்கு வார்த்தை வந்துகொண்டே இருக்கும். ஃபிரிட்ஜுக்கே கால்மணி நேரம் ஜெபித்திருக்கிறேன், அந்த ஃபிரிட்ஜ் இன்றுவரை ரிப்பேர் ஆனதில்லை. இதைப் பெருமைக்கு எழுதவில்லை. ஆண்டவர் கொடுத்த வரத்தை இல்லை என்று சொல்வதும் பாவம்தானே.

சாயங்காலம் வயலட் வந்தாள். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எனக்குச் சிநேகிதி, பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். புருஷன் தவறிப்போன பிறகு மகள் ஹெப்சிபாதான் அவளுக்கு எல்லாம். அடுப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். ஒரு காரியம் சொன்னாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இந்த டைரியில்கூட எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 25, சனி

ஐயர் குடியிருக்கிற குருமனையில் பெண்கள் கூடுகை. நல்ல கூட்டம். எல்லோரும் ஜெபக்குறிப்பு கொடுத்து முடித்ததும் ஐயரம்மா என்னைத்தான் ஜெபிக்கச் சொன்னார்கள். இன்றைக்கு ஆவியானவர் வல்லமையாய் இறங்கினார் என்றே சொல்லவேண்டும். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தால் ஐயரம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். அந்தப் பக்கம் லீலாவதி, எதற்கும் அசையாதவள், வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வயலட் சுண்டல் கொடுக்கிறதற்குள் எழுந்து போய்விட்டாள். தலைவலியாக இருக்கும்.

பிப்ரவரி 27, திங்கள்

மிளகாய் காயப்போட்டேன். இவருக்குச் சளி. வயலட்டுக்கு நாலைந்து தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முட்டை எண்ணுகிற வேலை இருந்திருக்கும்.

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 1, புதன்

மீன்காரி அந்தோணியம்மாள் வாசலில் கூடையை இறக்கும்போதே கேட்டாள். "ஏம்மா, அந்த வயலட்டம்மா மகளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சாமே, நெசந்தானா?"

அவள் ரோமன் கத்தோலிக்கு. இருப்பது கடற்கரையில். எங்கள் கூடுகைக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்?

"யாரு சொன்னா?" என்றேன்.

"ஊரே சொல்லுது. நீங்கதான் சர்ச்சுல சொன்னியளாம்."

சர்ச்சில் இல்லை, குருமனையில் என்று திருத்தினேன். பிறகு வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டேன்.

ஊரே சொல்கிறது என்றால் இனி மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது. ஹெப்சி பயிற்சிக்காக மதுரை போயிருப்பதாகத்தான் வயலட் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் பிள்ளை அங்கே மனநல ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மாதக்கணக்கில் தூக்கம் இல்லாமல், சாப்பிடாமல், வகுப்பில் பாடம் நடத்தும்போதே அழுது, கடைசியில் தலைமை ஆசிரியையே வண்டி பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டாராம். இதைத்தான் வயலட் அன்றைக்கு அடுப்படியில் சொன்னாள்.

நான் ஜெபித்தது இவ்வளவுதான்: "எங்கள் நடுவில் ஒரு விதவைத் தாயின் ஒரே மகள், டீச்சராய் இருக்கிற பிள்ளை, பயிற்சி என்று பெயர் சொல்லி மதுரையில் மனசு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளே ஆண்டவரே, அந்த இருளின் ஆவியை விரட்டும்." ஜெபத்தில் பாரத்தைத்தான் சொன்னேன், பெயரைச் சொல்லவே இல்லை. ஜெபிக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

இயேசுவை மறுதலித்த பேதுருவுக்காவது சேவல் கூவிற்று. எனக்கு மீன்காரி வந்தாள்.

மார்ச் 4, சனி

வயலட் கூடுகைக்கு வரவில்லை. அவளுக்காக எல்லோரும் வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கலாம் என்று லீலாவதி எழுந்து சொன்னாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5, ஞாயிறு

இன்று திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற ஆராதனை. வயலட் உட்காருகிற இடம் காலியாக இருந்தது. முழங்கால் வலியாக இருந்ததால் நான் பந்திக்குப் போகவில்லை. முழங்காற்படியிட முடியாமல் போய் அங்கே எல்லோருக்கும் இடைஞ்சலாக எதற்கு.

திரும்பி வரும்போது இவர், "நேத்து சாயங்காலம் அத்தனை போர்வையையும் குத்தவச்சுத் தொவைச்சியே, அப்ப முழங்கால் நல்லாத்தான இருந்துச்சு?" என்றார். குடையை விரித்தேன். நல்ல வெயில்.

மார்ச் 6, திங்கள்

பனங்கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டு வயலட் வீட்டுக்குப் போனேன். கிரில் கேட்டைத் திறக்கவே இல்லை. உள்ளே நின்றபடிதான் பேசினாள்.

"நான் பேர் சொல்லலியே வயலட்" என்றேன்.

"மதுரைன்னு சொன்னிய. டீச்சர்னு சொன்னிய. விதவைக்கு ஒரே மகள்னு சொன்னிய. ரேஷன் கார்டு நம்பர் ஒண்ணுதான் பாக்கி."

"ஒனக்காகத்தான பாரப்பட்டு ஜெபிச்சேன்."

"இன்னும் ரெண்டு மூணு வாரத்துல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டாருக்கா. ஊருக்கே தெரிஞ்சு போச்சுன்னு அவளுக்கு யாரோ போன்ல சொல்லிட்டாவ. வரமாட்டேன்னு அடம் பிடிக்கா. அங்கேயே கெடக்கேன், அந்த ஊருக்குள்ள என்னால நடக்க முடியாதுன்னு சொல்லுதா. நான் எங்க போயி முட்டிக்க?"

பழக்கதோஷத்தில், "வா, ரெண்டு பேருமாச் சேந்து ஒரு ஜெபம் பண்ணுவோம்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னாள். "வேண்டாம்க்கா. ஒங்க ஜெபம்னாலே இப்ப எனக்குப் பயமா இருக்கு."

பனங்கிழங்கைத் திருப்பிக் கொண்டுவந்தேன். இவர்தான் தின்றார்.

மார்ச் 7, செவ்வாய்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 11, சனி

கூடுகையில் ஜெபிக்கச் சொன்னார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சைகை காட்டினேன். ஐயரம்மா மிளகு கஷாயம் போட்டுக் கொடுத்தார்கள். தொண்டையில் ஒன்றும் இல்லாதவளுக்கு அந்தக் கஷாயம் நெருப்பாய் இறங்கியது.

மார்ச் 18, சனி

ஒரு முடிவுக்கு வந்தேன். அடுத்த கூடுகையில் எழுந்து நின்று, வயலட் மகளைப்பற்றி நான் பேசியது தப்பு, எல்லோரும் என்னை மன்னிக்கவேண்டும் என்று சாட்சியாகச் சொல்லிவிடுவது. என்ன சொல்வதென்று மனசுக்குள் கோத்துக்கூடப் பார்த்துவிட்டேன், நன்றாகவே வந்தது. ராத்திரி சாப்பாட்டின்போது இவரிடம் சொன்னேன்.

ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார். "மன்னிப்புக் கேக்கேன்னு மறுபடியும் அந்தப் பிள்ளைய சபை நடுவுல கொண்டுபோய் நிறுத்தப்போறியா?"

நான் எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை பேசுவது. பேசினால் ஹெப்சி மறுபடி ஊர்வாயில் விழுவாள், பேசாவிட்டால் இந்தப் பாரம் இறங்காது. ஒரு நல்ல சாட்சி சொல்லி நான் லேசாகிவிடலாம் என்று பார்த்திருக்கிறேன், அதற்கும் அவளைத்தான் விலையாக வைக்கப் போனேன்.

மார்ச் 19, ஞாயிறு

ஆராதனையில் பொது பாவ அறிக்கை சொல்லும்போது மற்றவர்களோடு சேர்ந்து உதடு அசைத்தேன். வீட்டுக்கு வந்தபின் இதை எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கே தெரியும் போல.

பெயரைச் சொல்லவில்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று நடந்தது இது. கண்ணை மூடித்தான் ஜெபித்தேன். ஆனாலும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக் கேட்கிறார்கள் என்று தெரிந்தது. நடு நடுவே "ஆமென், ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டிருந்த லீலாவதி சட்டென்று நிறுத்திவிட்டாள். அவள் காதைத் தீட்டுகிறாள் என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் சொல்லலாம் என்று தோன்றியது. மதுரை என்று சொன்னது அப்போதுதான்.

இன்னொன்றும் உண்டு. என் மகள் பிரின்சியும் ஹெப்சியும் ஒரே வகுப்பு. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு ஹெப்சிக்கு முதல் பரிசு, என் பிள்ளைக்கு இரண்டாவது. பள்ளிக்கூடத்திலும் அப்படியே. ஹெப்சி டீச்சர் ஆனாள், பிரின்சி படிப்பைப் பாதியில் விட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டு கோயம்புத்தூர் போனாள். வயலட் ஒருநாளும் அதைப் பெருமையாகச் சொன்னதில்லை, நான்தான் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் அவள் அழுதபோது நானும் சேர்ந்து அழுதேன், அது பொய் இல்லை. ஆனால் உள்ளே எங்கேயோ எனக்கு இனித்தது. அந்த இனிப்பைத்தான் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் பங்கு வைத்தேன்.

ஆண்டவரே, நான் எவ்வளவு கேவலமானவள்.

மார்ச் 22, புதன்

இன்று அடுப்படியில் வேலை செய்யும்போது சத்தமில்லாமல் ஜெபிக்கப் பார்த்தேன். கேட்க ஆள் இல்லாமல் ஜெபித்து எவ்வளவு காலமாயிற்று என்று தெரியவில்லை. இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை.

மார்ச் 25, சனி

ஹெப்சி வந்துவிட்டாள். வயலட் எப்படியோ கெஞ்சிக் கூட்டிவந்திருக்கிறாள். வாடகைக் காரில் இருட்டின பிறகுதான் வந்து இறங்கினார்களாம். ஜன்னலைக்கூடத் திறக்கவில்லையாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னது லீலாவதி.

இன்னொன்றும் சொன்னாள். நாசரேத் பக்கத்திலிருந்து பிசாசு விரட்டுகிற ஒரு பிரதர் வருகிறாராம். செவ்வாய்க்கிழமை வயலட் வேலைக்குப் போனபிறகு அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஹெப்சி தலையில் எண்ணெய் பூசி ஜெபிக்கவேண்டுமாம். "இருளின் ஆவின்னு நீங்கதான சுகிர்தம் அக்கா மொதல்ல வெளிப்படுத்துனிய. நீங்களும் வரணும்" என்றாள்.

வீட்டுக் காலண்டரில் செவ்வாய்க்கிழமையைச் சுழித்து வைத்தேன்.

மார்ச் 28, செவ்வாய்

வயலட் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினதைப் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் தட்டவில்லை. கேட்டுக்கு வெளியே படியில் உட்கார்ந்தேன். கையில் குடை மட்டும்தான்.

வெயில் ஏறினபிறகு வந்தார்கள். லீலாவதி, கனகராஜ் சம்சாரம், இன்னும் இரண்டு பேர், வெள்ளைச் சட்டை போட்ட பிரதர். அவர் கையில் எண்ணெய்ப் பாட்டில்.

"வந்துட்டியளாக்கா, நல்லதாப் போச்சு" என்றாள் லீலாவதி.

"யாரும் உள்ள போகக் கூடாது" என்றேன்.

பிரதர் சிரித்தார். "அம்மா, நீங்க ஜெபத்துல சொன்ன காரியந்தான் இது."

"அன்னைக்கு நான் பண்ணுனது ஜெபமே இல்ல. ஊர்க்கதை. கண்ண மூடிக்கிட்டுச் சொன்னேன், அவ்வளவுதான்."

லீலாவதிதான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். "அப்ப ஹெப்சிக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லுதியளா?"

ஆமாம், ஒன்றும் இல்லை, நான் சொன்னது பொய் என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் ஜன்னலுக்குப் பின்னால் அந்தப் பிள்ளை இருக்கிறாள். அவள் பட்ட பாட்டை இல்லை என்று சொல்ல நான் யார்? இருக்கிறது என்று சொல்லவும் நான் யார்?

"அது எனக்கும் ஒங்களுக்கும் உள்ள காரியம் இல்ல லீலா. எங்கிட்ட ஏற்கெனவே நெறைய கேட்டுட்டிய. இனி ஒரு சொல்லுகூட வராது. போங்க."

கனகராஜ் சம்சாரம், "இவ்வளவு பேசுதவிய இனி எங்க வீட்டுக்கு ஜெபிக்க வரவேண்டாம்" என்றாள். சரி என்றேன். போர் போட்டதில் தண்ணீரும் வரவில்லை, அந்தக் கோபமும் இருந்திருக்கும். பிரதர் வெளியிலிருந்தே கை நீட்டி ஜெபிக்கலாமா என்று பார்த்தார். குடையை விரித்துக் குறுக்கே பிடித்தேன். இதை இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை.

அவர்கள் தெருமுனை திரும்பின பிறகு பின்னால் தாழ்ப்பாள் சத்தம்.

"பெரியம்மா, வெயில்ல இருக்காதிய. உள்ள வாங்க."

மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஆனால் தலை சீவி, துவைத்த நைட்டி போட்டிருந்தாள். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல எவ்வளவோ கோத்து வைத்திருந்தேன். வாயில் வந்தது, "என்ன மன்னிச்சிரு பிள்ள. ஒன்னப்பத்திப் பேசிட்டேன். அது எனக்கு ருசியா இருந்துச்சு" என்பதுதான்.

ஹெப்சி டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தாள். "எனக்காக யாரும் ஜெபிக்கக் கூடாதுன்னு நான் நெனைக்கல பெரியம்மா. ஆஸ்பத்திரியில எனக்கு ஜெபிக்கவே வரல. யாராவது எனக்காகப் பண்ணட்டும்னுதான் கெடந்தேன். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டிருக்கணும்."

"இருளின் ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வியாதி. மாத்திர சாப்பிடுதேன். இப்ப தூக்கம் வருது."

சத்துணவு முடிந்து வயலட் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். என்னைப் பார்த்தாள். நேரே பின்கட்டுக்குப் போய்க் கை கால் கழுவ ஆரம்பித்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

லீலாவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓலைச் சிலுவை முடையும்போது விரலைக் கிழித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மும்மணி நேர ஆராதனை. வருஷா வருஷம் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஒன்றுக்கு நான் ஜெபிப்பேன். இந்த வருஷம் என் பெயர் இல்லை. லீலாவதி ஜெபித்தாள். நன்றாகத்தான் ஜெபித்தாள். முதலில் சுருக்கென்றது. பிறகு, முன்னால் போய் நிற்கவேண்டும் என்ற நினைப்பு இல்லாமல் உட்கார்ந்து கேட்க முடிந்தது. அவருடைய பாடுகளை இவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் கேட்டதே இல்லை. அழுதேன், யாருக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை. வயலட்டும் ஹெப்சியும் கடைசி வரிசைக்கு வந்து உட்கார்ந்தார்கள். நாலைந்து தலைகள் திரும்பின. என் தலையும் திரும்பப் பார்த்தது, பிடித்து வைத்துக்கொண்டேன்.

திருவிருந்துக்கு ஐயர் அழைத்தபோது இவர் எழுந்து நின்று, "முழங்கால் எப்பிடி இருக்கு?" என்று என் காதில் கேட்டார். "முழங்காலுக்கு ஒருநாளும் ஒண்ணும் இல்ல" என்றேன். "தெரியும், வா" என்றார். போனேன். கையை நீட்டும்போது வெறும் கையாகத்தான் நீட்டினேன். அப்பத்தை வைத்தார்கள்.

வயலட் என்னிடம் பேசவில்லை. ஹெப்சி தலையை அசைத்தாள்.

வீட்டுக்கு வந்து காப்பி குடித்தேன். இரண்டு டம்ளர்.

ஏப்ரல் 15, சனி

இந்த வாரக் கூடுகையைத் தன் வீட்டில் வைக்கவேண்டும் என்று வயலட்டே ஐயரம்மாவிடம் கேட்டாளாம். போவதா வேண்டாமா என்று மத்தியானம் வரைக்கும் குழம்பினேன். இவர் செருப்பை எடுத்து வாசலில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். போனேன்.

சுவரோரமாய் உட்கார்ந்தேன். ஹெப்சி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். பாட்டு, வேதவாசிப்பு, எல்லாம் முடிந்தது. ஜெபக்குறிப்பு கேட்கும்போது ஹெப்சியே எழுந்து நின்றாள். "நான் ஜூன் மாசம் மறுபடியும் வேலைக்குப் போறேன். பயமா இருக்கு. ஜெபிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

ஐயரம்மா முடிவு ஜெபத்துக்கு லீலாவதியைப் பார்த்தார்கள். லீலாவதி ஜெபிக்கத் தயாராய் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அப்போது வயலட் சொன்னாள். "சுகிர்தம் அக்கா முடிக்கட்டும்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பாயை நகர்த்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவள் வீட்டில், அவள் மகள் முன்னால், எதை வைத்து நான் அவளைக் கொன்றேனோ அதையே என் கையில் திருப்பிக் கொடுக்கிறாள்.

எனக்கென்று ஒரு வார்த்தையும் வரவில்லை. சின்னப் பிள்ளைகள் முதலில் படிக்கிற கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கினேன். எல்லோரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் குற்றங்களை எங்களுக்கு மன்னியும் என்கிற வரி வந்ததும் என் குரல் நின்றுபோயிற்று. வயலட் நிறுத்தவில்லை. எனக்கும் சேர்த்து அவளே சத்தமாய்ச் சொன்னாள்.